நாற்பத்து மூன்றாம் கேள்வியின் ஐந்தாவது கட்டம்

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. ஜூன் மாதத்துச் சனிக்கிழமையொன்றில், எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில், மோட்டார் படகு ஓட்டுவதற்கான அனுமதி அட்டைத் தேர்வில், நாற்பத்து மூன்றாம் கேள்விக்கு நான் 'அ' என்று குறித்தேன். விடைத்தாளின்படி அது சரி. அது உண்மையல்ல என்பதும் எனக்குத் தெரியும். குறிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் தெரிந்துகொண்டிருந்தேன்.

கதைசொல்லியின் நம்பகத்தன்மை குறித்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர் செய்யக்கூடிய காரியமல்ல இது. எனவே, இனி என்னை ஓரமாக நிறுத்திவிட்டு மார்னி ஹாகனைப் பற்றி எழுதுகிறேன்.

2.

முதல் வரைவு: "ஏரி அமைதியாக இருந்தது." அடித்துவிட்டேன். ஆகஸ்ட் மாத ஞாயிறு மாலையில் எங்கள் ஏரி ஒருநாளும் அமைதியாக இருந்ததில்லை.

இரண்டாம் வரைவு: "படகுகளைப் பெரிதும் நேசித்த மார்னி" — இல்லை. நம் ஊரில் யாராவது நகரப் பேருந்தை நேசிக்கிறார்களா? மார்னிக்குப் படகு அப்படித்தான்.

மூன்றாம் வரைவு, சட்டத்திலிருந்து: எங்கள் மாநிலத்தில் ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பின் பிறந்தவர்கள் மட்டுமே படகோட்டும் பாடத்தை முடித்து அட்டை பெற வேண்டும். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு விலக்கு. மார்னி அந்தத் தேதிக்குப் பத்தொன்பது நாள் கழித்துப் பிறந்தவள். அவளுடைய அக்காள் கணவன் டெர்ரி அறுபத்து நான்கு வயதுக்காரன். ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் அவன் எந்தப் படகையும் ஓட்டலாம். போன ஆகஸ்டில் ஓட்டினான். மார்னியின் அக்காள் ஜோலீன் செத்துப்போனாள்.

இதுதான் தொடக்கம். அழகாக இல்லை, அழகாக இருக்கவும் கூடாது.

3.

கூடத்தில் இருபத்திரண்டு பேர். அவர்களில் பதினாறு பேர் பள்ளிப் பிள்ளைகள். மார்னிக்கு ஒரு பக்கத்தில் நான். மறுபக்கத்தில் அமர்ந்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க போன வருஷம் ஃபெயிலா?"

"இல்லம்மா. பத்தொம்பது நாள் லேட்டா பொறந்துட்டேன்."

"அதுக்கா இந்தத் தண்டனை?"

"அதுக்குத்தான்," என்றாள் மார்னி. அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அவளுடைய கைப்பையில் ஒரு திருப்புளி இருந்தது. [கைப்பைக்குள் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? மதிய உணவின்போது அவளே எடுத்துக் காட்டினாள். மற்ற இடங்களில் நான் ஊகிக்கிறேன். ஊகிக்கும் இடங்களில் என்னை நம்ப வேண்டாம்.]

ஏரியின் நடுத்தீவில் ஜோலீனுக்கு ஒரு மரக்குடில் உண்டு. அதன் சமையலறைக் கதவின் உட்புறத்தில் முப்பத்தோரு ஆண்டுகளாக ஏரியின் பனி முழுவதும் உருகிய தேதியை அவள் பென்சிலால் எழுதி வந்தாள். இங்கே பல வீடுகளில் உள்ள வழக்கந்தான். ஜோலீனோ தேதிக்குப் பக்கத்தில் ஒரு வரியும் சேர்த்து எழுதுவாள். "ஏப்ரல் 27. மே என்று பந்தயம் கட்டிய மார்னி தோற்றாள்." "மே 2. அம்மா போன வசந்தம்." இப்போது குடில் டெர்ரியுடையது. விற்கப்போகிறான். விற்பதற்கு முன் வெள்ளையடிக்கப்போகிறான். நாளை, ஞாயிறு காலை பத்து மணிக்கு.

மார்னிக்கு அந்தக் கதவு வேண்டும். திருகாணிகளைக் கழற்றி, கதவையே அப்பாவின் பழைய படகில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். படகு இருக்கிறது. அட்டைதான் இல்லை. சனி, ஞாயிறு இரு நாளும் படகுத்துறையில் காவலர் நின்று, ஓட்டுபவர் ஒவ்வொருவரையும் கேட்கிறார்.

4.

மதியம், கூடத்துக்கு வெளியே, வாட்டிய இறைச்சிச் சுருளை ரொட்டிக்குள் வைத்துத் தின்றுகொண்டிருந்தோம். மார்னியின் கைபேசி ஒலித்தது. அவள் அதை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள்; டெர்ரியின் குரலைக் காதருகே வைத்துக்கொள்ள அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். (ஊகம்.)

"என்ன மார்னி, குட்டிப் பசங்களோட உக்காந்து பாடம் படிக்கிறியாமே? ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

"பெயிண்ட் வாங்கியாச்சு. கதவு வேணும்னா காலைல ஒம்பது மணிக்குத் துறைக்கு வா. நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீ ஓட்டுற படகுல நான் காலு வைக்க மாட்டேன், டெர்ரி."

"அப்ப நீந்தி வா."

இணைப்பு அறுந்தது. மார்னி ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"பொண்டாட்டி எப்படிச் செத்தான்னு தெரிஞ்சவன் சொல்ற பேச்சா இது?" என்றாள். பிறகு, நான் கேட்காமலே சொன்னாள். "நான் அந்தப் படகுல இருந்தேன். துறைக்குப் பக்கத்துல வந்ததும், 'ஜோலீன், முன்னாடி போய்க் கயித்தப் பிடி'ன்னான். இங்க எல்லாரும் செய்றதுதான். படகு நிக்கறதுக்குள்ள முன்பக்கக் கம்பிக் கதவத் தொறந்து விளிம்புல நிப்பாங்க. அவளும் போய் நின்னா. அந்த நேரம் பார்த்து இன்னொரு படகு எங்க இடத்துக்குள்ள நுழையப் பார்த்துச்சு. இவனுக்கு ரோஷம். வேகத்த ஒரே முறுக்கு முறுக்கினான். அவ்வளவுதான். அவ படகுக்கு அடியில போயிட்டா."

"இதை யாருகிட்டயும் சொல்லலையா?"

"எவன் கேட்டான்? எனக்கு ஆஸ்பத்திரில ஊசி போட்டுத் தூங்க வச்சுட்டாங்க. முழிச்சுப் பார்த்தா அவன் வாக்குமூலம் குடுத்து முடிச்சிருக்கான். 'விளிம்புல நின்னா, விழுந்துட்டா.' பேப்பர்லயும் அதேதான்."

"வேற யாராவது உங்களைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாங்களா?"

"எங்க தெருவுல படகு ஓட்டுறவன் பூரா அவன் கூட்டாளிங்க."

5.

தேர்வு அறுபது கேள்விகள். நாற்பத்தெட்டு சரியாக இருக்க வேண்டும். பாடம் நடத்திய வெர்ன் கெட்டவர் அல்லர். தன் சனிக்கிழமைகளைக் கூலியில்லாமல் கொடுப்பவர். வேறு ஊர்க்காரர். மார்னி யாரென்று அவருக்குத் தெரியாது. செய்தித்தாளில் படித்ததை வைத்து அவரே நாற்பத்து மூன்றாம் கேள்வியைச் சேர்த்திருந்தார், பிள்ளைகள் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்.

என் கோபம் இந்த நல்லெண்ணத்தின் மீதுதான் அதிகம். டெர்ரி ஒரு முறைதான் பொய் சொன்னான். நல்லவர்கள் அதைப் படியெடுத்து, எண் போட்டு, மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டார்கள். நான் அறுபதுக்கு அறுபது வாங்கினேன்.

வெர்ன் அங்கேயே திருத்தினார். மார்னியின் தாளுக்கு வந்ததும் பென்சிலால் தலையைச் சொறிந்தார்.

"நாப்பத்தேழு. ஒண்ணே ஒண்ணுல போகுதேம்மா. இதென்ன, நாப்பத்து மூணுல நாலு கட்டம் இருக்க, நீங்களா அஞ்சாவது கட்டம் போட்டு வச்சிருக்கீங்க?"

"நாலுலயும் இல்ல, அதான்."

"சரி, அதை அழிச்சிட்டு 'அ' போடுங்க. நான் ஜன்னலப் பார்த்துட்டு இருக்கேன். வீட்டுக்குப் போறப்ப அட்டையோட போங்க."

அவர் உண்மையாகவே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மார்னியின் கையில் பென்சில். அவள் பக்கத்தில் இருந்த என் தாளைப் பார்த்தாள்.

"நீங்களும் 'அ'தானா?"

6.

முடிவுகள்.

ஒன்று: அவள் அழித்து 'அ' போடுகிறாள். அட்டை கிடைக்கிறது. காலை ஏழு மணிக்குத் தீவில் நின்று கதவைக் கழற்றுகிறாள். அக்காளின் கையெழுத்தை மீட்பதற்காக, அக்காளே குற்றவாளி என்று தன் கையால் எழுதிக் கொடுத்தவளாக.

இரண்டு: அழிக்க மறுக்கிறாள். பத்து மணிக்கு முப்பத்தோரு வசந்தங்களின்மேல் தூரிகை ஏறுகிறது.

மூன்று: டெர்ரி மனம் வருந்தி — எழுத மாட்டேன்.

நான்கு: பக்கத்தில் இருந்தவர் எழுந்து, "நான் ஓட்டறேன், வாங்க" என்கிறார். என் அட்டை அப்போதே என் சட்டைப் பையில் இருந்தது. நான்கு சொற்கள்கூட இல்லை. மிக எளிய முடிவு. அதற்கு இலக்கியம் தேவையில்லை. ஆனால் 'நீங்களும் 'அ'தானா?' என்று கேட்டவளிடம், அந்த 'அ' வாங்கித் தந்த அட்டையை நீட்ட எனக்கு முகமில்லை. என் காரைத் தேடி வெளியே வந்துவிட்டேன். அவள் பென்சிலின் எந்த முனையைத் தாளில் வைத்தாள் என்பதை நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை துறைப்பக்கம் போகவும் இல்லை.

ஆகவே கேள்வி உங்களிடம் வருகிறது. நான் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே, அவள் குறியை மட்டும் நீக்கித் தருகிறேன். பென்சிலால் மட்டும் குறிக்க வேண்டும் என்பது வெர்னின் விதி.

43. துறையை நெருங்கும் படகின் முன்விளிம்பில் நின்ற பயணி நீரில் விழுந்து இறந்தார். முதன்மைக் காரணம் எது?

☐ அ. பயணி பாதுகாப்பற்ற இடத்தில் நின்றது
☐ ஆ. எதிர்பாராத அலை
☐ இ. பயணி லைஃப் ஜாக்கெட் அணியாதது
☐ ஈ. ஈரமான தரை
☐ ஓட்டினவன்