முந்நூறு கிராம்

இருங்காட்டுக்கோட்டை எடை மேடையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, நாற்பது டன் லாரிகளையெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் நிறுத்து அனுப்பிய மரியஜோசப், இப்போது சனிக்கிழமைதோறும் ஒரு சின்ன எடை மிஷின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். புற்றுநோய்க்காக வயிற்றையே எடுத்துவிட்ட அவர் மனைவி சவரியம்மாள் அதில் ஏறுவாள். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சுகப்பிரியா எண்ணைப் படிப்பாள்.

வயிறே இல்லாமல் ஒரு மனுஷி நடக்கிறாள், பேசுகிறாள், அவரைத் திட்டவும் செய்கிறாள்! நினைத்தாலே அவருக்குப் புல்லரிக்கும். ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு ஒரு டம்ளர். கஞ்சி, பருப்பு, மசித்த முட்டை. அடுப்படியை எட்டிக்கூடப் பார்க்காத மனுஷர் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு தன் கையால் செய்தார். அப்படியும் எடை இறங்கியது. முப்பத்தொன்பது, முப்பத்தெட்டரை, கடைசியில் முப்பத்தெட்டு.

"இன்னும் குறைஞ்சா மறுபடி ஆஸ்பத்திரிதான் ஐயா. மூக்குல டியூப் வெச்சுதான் குடுக்கணும்," என்றாள் சுகப்பிரியா.

சவரி இளைக்க இளைக்க, பின்வாசல் பூனை மட்டும் கொழுத்துக்கொண்டே போனது. எடை பார்த்தே பழகிய கண்ணுக்கு அது தப்புமா? அடுத்த புதன்கிழமையே சவரியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. பூனை நக்கிக்கொண்டிருந்தது.

"இன்னாமே இது?"

"தவக்காலம்யா. பொழச்சு வந்தா புதனும் வெள்ளியும் ஒருசந்தி, ஒரு வேளதான் துன்னுவேன்னு ஆபரேசனுக்கு முன்னாடி மாதாகிட்ட நேந்துகினேன்."

"சீக்காளிக்கு ஒருசந்தி இல்லன்னு சாமியாரே சொல்றாரே!"

"சாமியார்கிட்டயா நேந்துகினேன்?"

கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு பட்டினியும் கிடந்திருக்கிறாள், ஒரு முனகல்கூட இல்லாமல். அவர் பிரமித்துப்போய் அவளையே பார்த்தார்.

"அந்த நேத்திய எங்கிட்ட குடு. நான் இருக்கறேன். நீ துன்னு."

சவரி சிரித்தே விட்டாள். பூசை முடிவதற்குள் கோயில் வாசல் வடைக்கடையில் நிற்கிற ஆள் இவர். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனன்றுகூட ஒரு வருஷமும் பசி தாங்கியதில்லை. "நீயா? சரி, பாக்கலாம்," என்றாள். ஆனாலும் மாதா படத்துக்கு முன்னால் போய் ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்து, டம்ளரைக் கையில் வாங்கினாள்.

மரியஜோசப்புக்கு முதல் வெள்ளி தலை சுற்றியது. இரண்டாவது புதன் வடை வாசனை தெருவெல்லாம் துரத்தியது. எதிரே சவரி ஸ்பூன் ஸ்பூனாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் எடை இறங்கவில்லை. மறு சனிக்கிழமை சுகப்பிரியா இரண்டு முறை குனிந்து பார்த்தாள்.

"முப்பத்தெட்டு முந்நூறு. ஏறிடுச்சு ஐயா!"

முந்நூறு கிராம். எடை மேடையில் அது தெரியக்கூடத் தெரியாது. வயிறில்லாத உடம்பு எங்கிருந்தோ தேடி எடுத்து ஒட்டிக்கொண்ட சதை அது. மரியஜோசப் வாய்விட்டு அழுதார்.

சவரி இறங்கி, "நீ ஏறுய்யா," என்றாள்.

ஏறினார். அவருக்கு எப்போதும் எழுபத்திரண்டு காட்டுகிற மிஷின் எழுபது காட்டியது.

சவரி குனிந்து அந்த எண்ணைப் பார்த்தாள். மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அடப்பாவி மனுசா, நெசமாவே துன்னாமதான் கீறியா!"