மூன்றாவது வளைவு

மூன்றாவது வளைவுக்கு வந்தாலே சிவப்பு வண்டிக்குப் பிடிவாதம் வந்துவிடும். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு உள்ளே வராது. டிராக்கின் வெளி ஓரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும். வாரம் முழுக்க ஊரார் பல்லைப் பிடுங்கும் டாக்டரம்மா, தன் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். மறுநாள் பந்தயம். அவளுக்கு அதுதான் முதல் பந்தயம்.

"தம்பி, முன்பக்கம் திரும்பவே மாட்டேங்குது."

கொழுந்தன்தான் அவளுக்கு மெக்கானிக். அந்த வண்டியை அலைந்து திரிந்து தேடிப் பிடித்தவனும் அவனே. சும்மா விட்டுக்கொடுப்பானா?

"வண்டியைக் குத்தம் சொல்லாதீங்க அண்ணி. நீங்க வேகத்தைக் குறைக்காம உள்ளே பாயுறீங்க."

"அப்படியா? ஹெல்மெட்டை மாட்டு. பக்கத்துல உக்காரு."

"நானா?"

"பயிற்சி நேரத்துல கூடவே ஒரு ஆளை ஏத்திக்கலாம். வா, வா."

வேண்டுமென்றே நிதானமாகத்தான் வளைவுக்குள் நுழைந்தாள். அப்படியும் முன் டயர்கள் கிறீச்சிட்டு வெளியே வழுக்கின. கொழுந்தனின் கால், அவன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது.

"சரி அண்ணி, சரி! வண்டிதான்! தப்பெல்லாம் வண்டி மேலதான்!"

ஷெட்டுக்குத் திரும்பியதும் ஜாக்கி போட்டு அடியில் நுழைந்தான். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்ள, முன்னும் பின்னும் சஸ்பென்ஷனில் ஒவ்வொரு கம்பி உண்டு. கம்பி நுனியில் வரிசையாக உள்ள ஓட்டைகளில் எதில் போல்ட்டை மாட்டுகிறோமோ, அதைப் பொறுத்து அதன் விறைப்பு கூடும், குறையும்.

"முன் கம்பி ரொம்ப விறைப்பு," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "வெளிப்பக்க டயர் மேலயே மொத்த பாரத்தையும் தள்ளுது. அது தாங்காம வழுக்குது. முன்னால இளக்கி, பின்னால இறுக்கினா மூக்கு உள்ளே வரும்."

"இறுக்கு!"

"பின்னால ஒவ்வொரு ஓட்டையா மாத்திப் பாப்போம் அண்ணி."

"டிராக்கை மூடப்போறாங்கப்பா. கடைசி ஓட்டைக்கே போடு."

முன் கம்பியை இளக்கி, பின் கம்பியை அண்ணி சொல்லைத் தட்டாமல் கடைசி ஓட்டையில் போட்டான். மறுபடி அவளோடு ஏறியும் உட்கார்ந்தான்.

மூன்றாவது வளைவில் மூக்கு சட்டென்று உள்ளே வந்தது. "வந்துடுச்சு!" என்று அவள் கத்தி முடிப்பதற்குள் பின்பக்கத்துக்கும் முன்னால் வர ஆசை வந்துவிட்டது. வண்டி பம்பரமாகச் சுற்றிப் புல்லில் இறங்கி, வந்த திசையையே பார்த்து நின்றது.

அவள்தான் முதலில் சிரித்தாள்.

"என் அவசரம்தான் தம்பி. அடி பட்டுச்சா?"

"உடம்பு முழுசா இருக்கு. உயிர் மட்டும் பின்னால வந்துட்டிருக்கு."

ஷெட்டுக்குத் திரும்பி, பின் கம்பியை ஒரே ஓட்டை இளக்கினான். அவளே ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள், பக்கத்தில் குத்துக்காலிட்டு, போல்ட் இறுகும்வரை கண் எடுக்காமல் பார்த்தாள். கொடியசைப்பவர் கை காட்டினார்: இன்னும் ஒரே ஒரு சுற்று.

பிரேக். திருப்பு. முன் டயர்கள் தார்ச்சாலையைக் கவ்விப் பிடித்தன. பின்பக்கம் லேசாக அசைந்து, பெட்டிப்பாம்பாக அடங்கியது. நினைத்த இடத்தில், நினைத்த கோட்டில், வண்டி வழுக்காமல் வளைந்தது. அவள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். ஹெல்மெட்டுக்குள் இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். யார் என்ன கத்தினார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

மறுநாள் அவள் ஜெயிக்கவில்லை, நாலாவதாகத்தான் வந்தாள். ஆனால் மூன்றாவது வளைவில் இரண்டு பேரை உள்பக்கமாகவே முந்தினாள். வேலியோரம் நின்ற கொழுந்தன் தன் அண்ணன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"பாத்தியா? பாத்தியாண்ணா?"

அண்ணன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். "வளைவைத் தாண்டிட்டாளா? சொல்லுடா, கண்ணைத் திறக்கலாமா?"