இரண்டு பெயர்கள் இல்லாத இறுதிப் போட்டி

1938 செப்டம்பர் 18, ஞாயிறு. அயர்லாந்தின் ஸ்லைகோ நகரச் சாக்கர் மைதானத்தில் மலக்கி டூகி நுழைவுச்சீட்டு வாங்கினார்.

அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்து ஆடுபவர்கள் சாக்கரோ ரக்பியோ ஆடக் கூடாது என்பது கேலிக் சங்கத்தின் விதி. அவை ஆங்கிலேயர் ஆட்டங்கள். நின்று பார்த்தாலே ஆறு மாதத் தடை. யார் வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளச் சங்கத்தின் கண்காணிப்புக் குழுவினர் மட்டும் உள்ளே போகலாம். மலக்கி அந்தக் குழுவில் இல்லை. அவர் டிரம்கீலா ஊர்க் கேலிக் கிளப்பின் கேப்டன். மூன்று வாரத்தில் கில்வாரா கிளப்புடன் கவுண்டி, அதாவது மாவட்ட, இறுதிப் போட்டி. அவருக்கு வயது முப்பத்தாறு. இதை விட்டால் இன்னொன்று கிடையாது.

1932இல் டிரம்கீலா வென்ற கோப்பை ஒன்பது நாள்தான் ஊரில் இருந்தது. அந்த அணியில் ஆடிய மலக்கியின் தம்பி டெக்லன் இறுதிப் போட்டிக்கு முன்பே ரக்பி பார்த்ததாக, அப்போது கண்காணிப்புக் குழுவில் இருந்த கில்வாரா ஆட்டக்காரர் ஃபின்டன் ஹெஷன் எழுதிக் கொடுத்தார். விதி மீறியவன் ஆடிய வெற்றி செல்லாது என்று கோப்பை கில்வாராவுக்குப் போனது. டிரம்கீலாக்காரர்கள் ஹெஷனை விட்டுவிட்டு டெக்லனைப் பிடித்துக்கொண்டார்கள். புல் அறுக்க அவனை யாரும் கூப்பிடவில்லை. தேவாலயத்தில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அடுத்த ஏப்ரலில் அவன் பாஸ்டனுக்குக் கப்பலேறினான்.

ஹெஷன் கண்காணிப்புக் குழுவிலிருந்து விலகி இரண்டு வருடமாகிறது; கில்வாரா அணியில் இன்னும் ஆடுகிறார். மைத்துனன் சாக்கர் ஆடுவதால் தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு போய்ப் பார்ப்பார் என்பது மலக்கிக்குத் தெரியும். இடைவேளையில் மலக்கி ஹெஷனின் தோளைத் தட்டினார்.

"என்ன ஃபின்டன், ஆட்டம் நல்லாருக்கா?"

ஹெஷன் திடுக்கிட்டார், பிறகு சிரித்தார். "நீயும்தானப்பா வந்து நிக்கிறே. வாயத் திறந்தா ரெண்டு பேரும்தான் வெளிய."

"ஆமா, ரெண்டு பேரும்தான்."

புதன்கிழமை மலக்கி புகார் எழுதினார். கிளப் செயலாளர் ஓவன் கில்பேன் வீட்டுக்கே வந்து, புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி ஒரு மணி நேரம் மன்றாடினார். வேறு யாரையாவது சாட்சியாக்கலாம் என்றார். பார்த்தது நான்தான் என்றார் மலக்கி. கடைசியில் ஓவனுக்குக் கோபம் வந்தது.

"உன் தம்பிக்காக எங்க கோப்பையைத் தூக்கிக் குடுக்கிறியே, நியாயமா?"

"கோப்பைக்காக என் தம்பியத் தூக்கிக் குடுத்தீங்களே. அப்ப நான் ஒண்ணும் கேக்கலியே."

கவுண்டி வாரியம் அக்டோபர் 1 அன்று கூடியது. தான் அங்கே போகவே இல்லை என்று ஹெஷன் சாதித்தார். மலக்கி தன் சீட்டை மேசைமேல் வைத்தார். இரண்டு பாதியிலும் யார் கோல் அடித்தது, ஒவ்வொரு கோலுக்கும் ஹெஷன் என்ன சொல்லிக் கத்தினார் என்று வரிசையாகச் சொன்னார். ஹெஷன் பக்கத்தில் நின்றவர்களின் பெயர்களையும் கொடுத்தார்.

தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதோட உன் ஆட்டமும் முடிஞ்சுதுப்பா. தெரியுமில்ல?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுதான்யா சீட்டு வாங்கினேன்."

இருவருக்கும் ஆறு மாதத் தடை விதிக்கப்பட்டது.

அக்டோபர் 9 அன்று நடந்த இறுதிப் போட்டியில் கில்வாரா இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. பதக்கம் அணியில் இருந்தவர்களுக்கு மட்டும் வழங்கப்பட்டது, ஹெஷனுக்குக் கிடைக்கவில்லை. மலக்கி அதன் பிறகு ஆடவில்லை.