நடுக்கொடியில் ஒரு நீச்சலுடை

அன்று காலை மொட்டை மாடியில் இருந்தவர்கள் இவர்கள்: சலவைக் கடை நடத்தும் பெரியப்பா, கடையின் வேனை ஓட்டும் அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய பதின்மூன்று வயது மகள், கடையில் இஸ்திரி போடும் கிழவர். கொடிகளில் மருத்துவமனை விரிப்புகள் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தன. நடுக்கொடியில், இரண்டு விரிப்புகளுக்கு இடையில், ஒரு கறுப்பு நீச்சலுடை தொங்கியது.

பெரியப்பா அதைக் கையால் தொடவில்லை. கொடியை முட்டுக் கொடுத்துத் தூக்கும் கழியால் ஒரு தட்டுத் தட்டினார். அது தரையில் விழுந்தது.

"யாரோடது இது?"

"என்னோடதுதான் பெரியப்பா."

"உன்னோடது நீலம். எனக்குத் தெரியாதா? இது என்ன, உள்ள இவ்வளவு தடிப்பா?"

பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவளோட நீச்சல் மிஸ் குடுத்தாங்க மாமா. அந்த நாள்லயும் தண்ணில இறங்கலாமாம். உள்ள அடுக்கடுக்கா துணி வச்சுத் தைச்சிருக்காங்க. வெளியில ஒண்ணும் தெரியாதாம்."

இஸ்திரிக் கிழவர் சட்டென்று அண்ணாந்து, மேகமே இல்லாத வானத்தில் மழை தேடத் தொடங்கினார். தம்பி, ஏற்கெனவே கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"வெளியில தெரியாதாம்!" என்றார் பெரியப்பா. "நாலு தெருவுக்கும் தெரியற மாதிரி தொங்கவிட்டுட்டு, வெளியில தெரியாதாம். எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த மாடியில துணி காயுது. இந்த வீட்டுப் பொம்பளைங்களோட அந்த மாதிரித் துணி ஒண்ணு யார் கண்ணுலயாவது பட்டிருக்கா? கேளு அவனை."

அவனைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. தம்பி மூட்டையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார்.

"அது மட்டுமில்ல. எல்லாரும் இறங்கற தண்ணிம்மா அது. அந்த நாள்ல வீட்டோட கிடக்காம, அதுல போய் இறங்குவாளாமா?"

"நாளன்னிக்குப் பெரிய போட்டிக்கு ஆள் எடுக்கற தேர்வு மாமா," என்றாள் தம்பியின் மனைவி. "அன்னைக்குப் பார்த்து வந்துடுச்சுன்னா? நேத்துப் பயிற்சில போட்டுப் பார்த்தா, சரியா இருந்துச்சு. அதான் தோய்ச்சு, விரிப்பு மறைவுல போட்டேன். நிழல்ல காத்தாடக் காயணுமாம். சூடு பட்டா உள்ள இருக்கற அடுக்கு வெடிச்சிடுமாம்."

"கதவுக்குப் பின்னாடி போடு. கட்டிலுக்கு அடியில போடு. என் கொடியில போடாத."

பெண் குனிந்து நீச்சலுடையை எடுத்தாள். தூசியை உதறினாள். யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

பெரியப்பாவைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் கதை சுலபமாகிவிடும். அந்தப் பெண்ணுக்கு "வாத்து" என்று பெயர் வைத்தவரே அவர்தான். ஆறு வயதில் மழைநீர் தேங்கிய முற்றத்தில் அவள் குப்புறப் படுத்துக் கையைக் காலை உதைத்தபோது, மற்றவர்கள் திட்டினார்கள். அவர் சிரித்தார். மறுநாளே விரலைப் பிடித்து நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனார். அதற்குப் பிறகு எந்தப் போட்டியானாலும் மேல்வரிசையில் அவர் இருப்பார். அக்குளில் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். ஓட்டலுக்குப் போக வேண்டிய துண்டுகளில் ஆகப் பஞ்சுபோல இருப்பதை அவரே தேடி எடுப்பார். "ஓட்டல்காரன் துண்டாச்சே முதலாளி," என்று கிழவர் இழுத்தால், "போட்டி முடிஞ்சதும் தோய்ச்சாப் போச்சு. நம்மகிட்ட தண்ணிக்கா பஞ்சம்?" என்பார். அவள் கரையேறியதும் அந்தத் துண்டால் அவளைத் தலையோடு போர்த்தி, பக்கத்தில் இருப்பவர்களிடம், "எங்க வீட்டு வாத்து," என்பார்.

கடை வாசலில் அவருடைய அப்பா எழுதிவைத்த பலகை இன்னும் இருந்தது: எந்தக் கறையும் போகும். அது வெறும் பேச்சில்லை. மருத்துவமனையிலிருந்து வரும் விரிப்புகளில் பாதி ரத்தம்தான். பெரியப்பா முகம் சுளிக்காமல் பிரித்துப் பார்ப்பார். "ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணி. உப்பு. சுடுதண்ணி காட்டினீங்கன்னா அது அங்கேயே குடியிருந்துடும்," என்று புதிதாக வரும் ஆட்களுக்குச் சொல்வார். ஊரார் ரத்தத்தை அவர் வெட்கமில்லாமல் அலசினார். அதுதான் தொழில். வீட்டு ரத்தம் வேறு. அதற்குக் கதவின் பின்புறம்தான் இடம்.

போன வருடம் அந்தப் பெண் வயதுக்கு வந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் சில நாள் குளத்துக்குப் போகமாட்டாள். பள்ளியில் ஓட்டப் பந்தயத்துக்கும் வயிற்று வலி என்று உட்கார்ந்துவிடுவாள். குளத்தில் பயிற்சி தரும் மிஸ் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் தாயையும் மகளையும் உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"எனக்கும் இவ வயசுல யாரும் சொல்லித் தரலக்கா," என்றாள். "பேடு தண்ணில நிக்காது. ஊறிக் கனமாயிடும், அவ்வளவுதான். இதைப் போட்டுக்கோ, பயமில்ல. ஓடறதுக்குன்னா பேடு மேல இறுக்கமா ஒரு கால்சட்டை. பையில எப்பவும் மாத்துத் துணி. வலிச்சா வெந்நீர் ஒத்தடம். ரொம்ப வலிச்சா டாக்டர்கிட்ட போகலாம், வெட்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா இதுக்காகத் தண்ணிய விட்டுடாத. என்ன வாத்து, முழிக்கற?"

"நான் இறங்கினா தண்ணி கெட்டுப் போயிடாதா மிஸ்?"

"அதுக்குத்தான குளத்துல மருந்து போடறாங்க? குட்டிப் பசங்க பண்ற வேலைக்கே அது கெட்டுப் போகல, உன்னாலயா கெட்டுடப் போகுது?"

அன்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாய் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

மாடியிலிருந்து இறங்கிய நீச்சலுடை, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆணியில் தொங்கியது. காற்று எட்டிப் பார்க்காத இடம். அடுக்கடுக்கான துணி. மறுநாளும் ஈரம் போகவில்லை. தேர்வு நாள் விடிந்தபோது அதில் முடை நாற்றம் அடித்தது. பயந்தபடியே அன்றைக்குத்தான் அவளுக்கு அதுவும் வந்திருந்தது.

"அம்மா, இதை எப்படிப் போட்டுக்கறது? பக்கத்துல நிக்கறவங்க மூக்கைப் பொத்துவாங்க."

தாய் பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தாள். பிழிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாடியில் கொடிகள் காலியாக இருந்தன. கீழே, கடையில், துண்டுகளை உலர்த்தும் பெரிய டிரையர் இருந்தது. வேறு எந்த வீட்டிலும் இப்படி ஓர் எண்ணம் வந்திருக்காது. சலவைக் கடை வீடு ஆயிற்றே. யாரும் வருவதற்குள் நீச்சலுடையை ஓட்டல் துண்டுகளுக்கு நடுவே திணித்து, கதவைச் சாத்தி, குறைந்த சூட்டில் வைத்துச் சுற்றவிட்டாள். அந்த இயந்திரத்தில் குறைந்த சூடு என்பதே கையைச் சுடும். உடை மொடமொடவென்று காய்ந்து வந்தது. தண்ணீர் விடாத அந்த உள்ளடுக்கில் கோடுகோடாக விரிசல் விட்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

பெரியப்பா முன்னிருக்கையில் துண்டோடு தயாராக இருந்தார். மாடியில் நடந்ததைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை. நீச்சலுடை தொலைந்தது, பேச்சும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். "என்ன வாத்து, இன்னைக்கு எத்தனை பேரை முழுங்கப் போற?" என்று கேட்டார். அவள் சிரித்தாள்.

முதலில் வரும் இருவருக்குப் பெரிய போட்டியில் இடம். அவள் இரண்டாவதாக வந்தாள். கடைசி முறை சுவரைத் தொட்டுத் திரும்பியபோது நான்காவதாக இருந்தவள், இருவரைத் தாண்டி வந்தாள். மேல்வரிசையில் பெரியப்பா எழுந்து நின்று, "எங்க வீட்டு வாத்து! எங்க வீட்டு வாத்து!" என்று கத்தினார்.

அவள் ஏணியில் ஏறி வெளியே வந்தாள். உடம்பிலிருந்து தண்ணீர் வழிந்தது. தண்ணீரோடு, தொடையின் உட்புறமாக, ஒரு சிவப்புக் கோடும் வழிந்தது. குளக்கரையின் வெள்ளை டைல்ஸ் தரையில் அது பரவியது. அவள் அதைப் பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு மேல்வரிசையைத் தேடினாள். பெரியப்பாவைக் கண்டதும் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினாள்.

பெரியப்பாவுக்குப் பின்னால் யாரோ ஒருவர், "அய்யய்யே," என்றார். இன்னொருவர், "அடுத்த போட்டிக்கு என் பொண்ணு இறங்கணும். தண்ணிய மாத்தச் சொல்லுங்கப்பா," என்றார். "உங்க பொண்ணா சார்?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை விலக்கி விலக்கி, வெளியே நடந்தார். அவள் உயர்த்திய கை, அவர் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகுதான் அவள் கீழே பார்த்தாள்.

பயிற்சியாளர் ஓடிவந்து தன் மேற்சட்டையைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டினாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ரெண்டாவதுடா. கேட்டியா? ரெண்டாவது," என்றாள்.

திரும்பும்போது பெண் வேனின் பின்பகுதியில், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"குளிருது பெரியப்பா. துண்டு குடுங்களேன்."

பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. "ஓட்டல் துண்டு அது," என்றார்.

அவளுடைய அப்பா வண்டியை ஓட்டினார். மடிப்புக் கலையாத துண்டு வீடு வரை பெரியப்பாவின் மடியில் இருந்தது.

மறுநாள் மாலை பெரியப்பா கடையின் பின்கட்டுக்குப் போனபோது, மருத்துவமனை விரிப்புகளை ஊறவைக்கும் தொட்டியருகே அவள் குந்தியிருந்தாள். நீச்சலுடையை உப்புப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணிதானே பெரியப்பா?"

"ஆமா," என்றார்.

"சூடு காட்டக் கூடாது."

"ஆமா."

துண்டு மடித்துக்கொண்டிருந்த அவளுடைய தாய் நிமிராமலே சொன்னாள்: "சூடு காட்டினது நான்தான் மாமா. காத்துல போட இடமில்ல."

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரை அவள் குறை சொன்னது அது ஒன்றுதான்.

பெரியப்பா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாளைக்குப் பயிற்சி இருக்குல்ல? நானே கூட்டிட்டுப் போறேன் வாத்து," என்றார்.

"வேண்டாம் பெரியப்பா," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "எல்லாரும் இறங்கற தண்ணி அது."

அவள் போகவில்லை. பயிற்சியாளர் இரண்டு முறை கடைக்கு வந்து பேசிப் பார்த்தாள். இரண்டாம் முறை, இஸ்திரி மேசைக்கு அருகே நின்று அழுதேவிட்டாள். பெண் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெரிய போட்டிக்கு மூன்றாவதாக வந்த பெண் போனாள்.

நீச்சலுடை சுத்தமாகிவிட்டது. பலகையில் எழுதியிருந்தது உண்மைதான், கறை போயிருந்தது. அவள் அதை மாடிக்கு எடுத்துப் போனாள். நடுக்கொடியில், இரண்டு வெள்ளை விரிப்புகளுக்கு இடையில், முன்பு இருந்த அதே இடத்தில் போட்டாள். இருபுறமும் கிளிப் மாட்டினாள். கழி சுவரில் சாய்ந்திருந்தது. பெரியப்பா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைக் கடந்து இறங்கிப் போனாள்.

அதன்பின் விரிப்புகள் காய்ந்தன, இறங்கின, புதியவை ஏறின. நீச்சலுடை மட்டும் அங்கேயே இருந்தது. மழையில் நனைந்தது. வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமானது. எடுக்க வேண்டியவள் எடுக்கவில்லை. தட்டிவிட்டவரும் கழியைத் தொடவில்லை. ஓட்டல்காரர் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன முதலாளி அது?" என்றார். "எங்க வீட்டுத் துணி," என்றார் பெரியப்பா.

தெருவில் இதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சலவைக் கடைப் பெண் ரத்தத்தைக் கண்டு பயந்து, போட்டியின் பாதியிலேயே எழுந்து ஓடிவிட்டாள், அதனால்தான் தோற்றாள் என்கிறார்கள். அது பொய். அவள் கடைசி வரை நீந்தினாள், இரண்டாவதாக வந்தாள். எழுந்து போனவர் அவளுடைய பெரியப்பா.