ஏழாவது வளைவில் புயல்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண் எதற்கு என்றே தெரியவில்லை. நூறு வருஷத்துப் பாலத்தைப் பார்க்க விமானம் ஏறி வருகிறார்கள். வந்ததும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்து இளிக்கிறார்கள்.

கைப்பிடியோரம் நின்ற பெரியவருக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷம் அந்த இரும்புக்குப் பெயிண்ட் அடித்தவர். அவர் மகன்தான் இங்கே வழிகாட்டி. ஏழாவது வளைவிலிருந்து விழுந்து செத்த சித்தப்பாவைப் பற்றி இப்போதெல்லாம் சொல்வதாகவும், வந்து கேட்கும்படியும் அவனே கூப்பிட்டிருந்தான்.

தம்பி செத்த நிஜத்தைக் கண்ணை மூடுவதற்குள் யாராவது ஒருத்தர் வாயிலிருந்து கேட்டுவிட வேண்டும் அவருக்கு. பெரிய கதை ஒன்றுமில்லை. காண்டிராக்டர் இரண்டு பேருக்கு ஒரு கயிறு கொடுத்தான். அன்றைக்கு அது அண்ணனான இவர் இடுப்பில் இருந்தது. தம்பி கால் தவறி விழுந்தான் என்று எழுதி ஊற்றி மூடிவிட்டார்கள்.

மகன் எத்தனை டன் இரும்பு, திறப்பு விழாவுக்கு யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் அளந்துவிட்டு, ஏழாவது வளைவில் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு பெயிண்டர். பாலத்து மேல உசிரு. புயல் அடிக்குது, எல்லாரும் இறங்கிட்டாங்க. இந்த ஆணிக்குப் பூசாம வரமாட்டேன்னு நின்னாரு, காத்து தூக்கிட்டுப் போயிடுச்சு. இதைத் தொட்டு என்ன நினைச்சாலும் நடக்கும்."

கூட்டம் வரிசை கட்டியது. ஆணித் தலை ஏற்கெனவே பெயிண்ட் தேய்ந்து பளபளத்தது. நீங்களும் தொட்டுக்கொள்ளுங்கள், முட்டிவலி போய்விடும் என்று ஒரு அம்மாள் பெரியவருக்கு வழிவிட்டாள்.

அவர் மகனைத் தனியே இழுத்தார். "அன்னிக்குச் சுள்ளுனு வெயிலுடா. புயல் எங்கேருந்து வந்துச்சு?"

கயிற்றுக் கதையை இரண்டு மாதம் சொல்லிப் பார்த்தானாம். எல்லார் முகமும் தொங்கிப் போயிற்றாம். இப்போது சித்தப்பாவை நினைக்காமல் ஒருத்தர் போவதில்லையாம்.

"அவனையா நினைக்கிறாங்க? அவங்கவங்க காரியத்தை நினைக்கிறாங்க."

மகன் தரையைப் பார்த்தான். "உங்களுக்காகவும்தான்ப்பா. கயிறுன்னு சொன்னா, அது யார்கிட்ட இருந்துச்சுன்னு கேக்கறாங்க."

"கேக்கட்டும். பதில் சொல்ல நான் உசிரோடதானே இருக்கேன்."

அவன் வாய் திறப்பதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. புயல் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

பெரியவர் நடையைக் கட்டினார். பெற்ற பிள்ளை, நம் நல்லதுக்குத்தான் சொல்கிறானோ என்று படிக்கட்டு வரைக்கும் யோசித்துப் பார்த்தார். எப்படிப் புரட்டினாலும் மனசு ஒப்பவில்லை. இறங்கிப் போய்க்கொண்டே இருந்தார்.