சின்ன கேசட்

அம்பலவாணன் துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி முகைதீன் பிச்சையின் கடைக்குள் நுழைந்ததை முதலில் பார்த்தது நான்தான். பார்த்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் படியேறும் முன் சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், அது என்னைப் பிடித்துக்கொண்டது. அறுபது தாண்டிய மனிதர் ஒரு செல்போன் கடைக்குள் போக யாருக்குப் பயப்பட வேண்டும்?

கடைப் பலகையைப் படித்தேன். செல்போன் பழுது பார்க்கப்படும். அதன் கீழே சின்ன எழுத்தில், பழைய கல்யாண கேசட்டுகள் பென்டிரைவில் ஏற்றித் தரப்படும். படித்ததும் வாங்க வந்த சாமானை மறந்துவிட்டு நேரே எங்கள் ஊரான தலத்தெருவுக்குப் பஸ் ஏறினேன்.

என் அடுத்த வீட்டுக்காரி நீலாயதாட்சி. அம்பலவாணன் அவளுடைய கொழுந்தன், செத்துப்போன புருஷனின் தம்பி. நல்லது கெட்டதுக்கு ‘வாங்க’, ‘வர்றேன்’ என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. அதற்குக் காரணம் ஒரு கேசட். அதைச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு விளங்காது, கண்ணுகளா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எங்கள் பக்கத்தில் வீடியோ கேசட் போட்டு ஓட்டுகிற டெக்கைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள் குறைவு. காதுகுத்து, சடங்கு, திருவிழா என்றால் டி.வி., டெக், மூன்று படம் எல்லாவற்றையும் சேர்த்து வாடகைக்கு எடுப்பார்கள். நீலாயதாட்சியின் புருஷன் முத்தையனும் தம்பி அம்பலவாணனும் சேர்ந்து அப்படி ஒரு கடை நடத்தினார்கள். கேசட்டில் இரண்டு வகை இருந்தது, சின்னது ஒன்று, பெரியது ஒன்று. ஒன்றுக்கான டெக்கில் மற்றது நுழையாது. முத்தையன் சின்ன கேசட் கட்சி. அதில் படம் பளிச்சென்று இருக்கும் என்பார். பொய் இல்லை, இருந்தது.

ஆனால் கடையில் கிடைக்கிற சின்ன கேசட் ஒன்றில் நம் ஊர்ப் படம் முழுதாக அடங்காது. சண்டை சூடு பிடிக்கிற இடத்தில் ஒருவர் எழுந்து போய் அடுத்த கேசட்டை மாற்ற வேண்டும். பெரியதில் ஒரே மூச்சில் முடியும். அதோடு, வாடகைக்கு எடுக்க வருகிறவர் வாசலில் நின்று கேட்பது ஒரே கேள்விதான்: புதுப்படம் இருக்கா? எதிர்க்கடைக்காரர் பெரியதையே வாங்கி அடுக்கினார். படம் இருக்கிற பக்கம் சனம் போனது. சனம் போகிற பக்கமே புதுப்படமும் வந்தது. பளிச்சென்று இருந்த படத்தை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. சின்ன கேசட்டில் புதுப்படம் வருவதே நின்றுபோனது.

அந்தச் சமயத்தில்தான் முத்தையனின் கல்யாணம். அதையும் சின்ன கேசட்டில்தான் எடுத்தார்கள். சிங்கப்பூர்ச் சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்தது அது. மூன்று மணி நேரத்துக்கு மேலே ஓடும் நீள நாடா. அப்படி ஒன்று காரைக்காலில் விலைக்குக் கிடைக்காது. கேசட்டின் அடியில் ஒரு மூலையில் பல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் வேறெதையும் பதிய முடியாது. முத்தையன் காட்டிக்கொடுக்க, நீலாயதாட்சியே அரிவாள்மணை நுனியால் அதைப் பெயர்த்து எடுத்தாள்.

மறு வருஷம் திருவிழாவின்போது அம்பகரத்தூரில் ஒரு வீட்டுக்குப் படம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் முத்தையனை லாரி அடித்தது. நீலாயதாட்சி அப்போது கர்ப்பம். துக்கம் முடிந்து, அவர் முகத்தை ஒருதரம் அசைவில் பார்க்க வேண்டும்போல் இருந்து பீரோவைத் திறந்தாள். கேசட் உறை இருந்தது. கேசட் இல்லை.

கொழுந்தனைக் கேட்டாள்.

“நான்தான் அண்ணி அண்ணன்கிட்ட கேட்டு வாங்கினேன். தொடச்சு வைக்கலாம்னு. நாடா அறுந்துபோச்சு.”

“அறுந்தத குடு தம்பி.”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. அதன் பிறகு அவர் சின்ன டெக்குகளைத் தள்ளிவிட்டு முழுக்கப் பெரிய கேசட்டுக்கு மாறினார். கடை நன்றாக ஓடியது. நீலாயதாட்சி தனக்குள் ஒரு கணக்குப் போட்டாள். அண்ணன் பேரைக் கடையிலிருந்து துடைத்தவன், அண்ணன் முகத்தையும் துடைத்துவிட்டான். பிறகு பிறந்த மகள் தமிழ்மொழியின் படிப்புக்கு, கல்யாணத்துக்கு அம்பலவாணன் ஓடி ஓடிச் செய்ததைக்கூடக் குற்றமுள்ள நெஞ்சு செய்கிறது என்றே எடுத்துக்கொண்டாள். சொல்லப்போனால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தமிழ்மொழி இப்போது புதுச்சேரியில் கல்லூரியில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் முகம் அவளுக்குப் போட்டோவில் தெரியும். குரல் தெரியாது. சின்ன வயதில் “அப்பா எப்படிம்மா பேசுவாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நீலாயதாட்சியும் பேசிக் காட்டுவாள். ஒரு நாள் பேசிக் காட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “மறந்துபோச்சுடி” என்றாள். மகள் பிறகு கேட்கவே இல்லை.

நான் போய் விஷயத்தைச் சொன்னதும் நீலாயதாட்சி அடுப்பை அணைத்தாள்.

“பையில என்னக்கா இருந்துச்சு?”

“தெரியலடி. கனமா இல்ல. ஆனா புள்ளையத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போனாரு.”

“நெசமாவா?”

“நான் எதுக்குடி பொய் சொல்றேன்?”

விடுமுறைக்கு வந்திருந்த தமிழ்மொழியையும் கூட்டிக்கொண்டு மறுநாளே கடைக்குப் போனோம். முகைதீன் பிச்சை எங்களைப் பார்த்ததும் மேசைமேல் இருந்த எதையோ துணி போட்டு மூடினார். அது போதாதா?

“என்ன பாய் மூடுறீங்க?”

“ஒண்ணுமில்லக்கா, தூசி.”

“நேத்து எங்க கொழுந்தனாரு வந்தாங்களா?”

“யாரு? தெனம் எத்தன பேரு வர்றாங்க.”

“தெனம் வர்றவங்கள்ல எத்தன பேரு சின்ன கேசட்டு கொண்டாறாங்க?” என்று சும்மா ஒரு கல்லை எறிந்தாள் நீலாயதாட்சி.

அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. தலையைச் சொறிந்தார். “யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்கக்கா. அதுக்கான டெக்கு கெடைக்காம, நாகூர்ல ஒரு வீட்டுப் பரண்லேருந்து எடுத்தாந்து காலையிலேருந்து ரிப்பேர் பாத்துக்கிட்டு இருக்கேன். வெள்ளிக்கெழம சாயங்காலம் போட்டுப் பாக்கலாம்னு வரச் சொல்லியிருக்கேன்.”

“அப்ப தூக்கிப் போடல” என்றாள் நீலாயதாட்சி. குரல் உயரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வீடு திரும்பும்வரை மூன்று பேரும் ஆளுக்கொரு விதமாக யோசித்தோம். வேறு யாராவது அந்தக் கல்யாணத்தில் இருந்தார்களா, யாரும் பார்க்கக் கூடாத ஆள்? அம்பலவாணனே ஏதாவது செய்து அது படத்தில் விழுந்துவிட்டதா? “சித்தப்பா அப்படி இல்லம்மா” என்று தமிழ்மொழி ஒருதரம் சொன்னாள். “எப்படி இல்ல? நாடா அறுந்துபோச்சுன்னு எம்மூஞ்சியப் பாத்துச் சொன்னவருடி” என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை அவருக்கு முன்னால் நாங்கள் போய் உட்கார்ந்துகொண்டோம். அம்பலவாணன் உள்ளே வந்தார், எங்களைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினவர் திரும்ப மாட்டப் போனார்.

“எங்க போற தம்பி? உக்காரு.”

“அண்ணி... நீங்க எப்படி...”

“கேசட்ட எடுங்க பாய்.”

முகைதீன் பிச்சை துணியை விலக்கி எடுத்துக் கொடுத்தார். அதுதான். உறையில்லாத சின்ன கேசட். ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே தேய்ந்துபோன இரண்டு பேர். நீலாயதாட்சி அதை வாங்கித் திருப்பினாள். தான் உடைத்த மூலையைப் பார்த்தாள். அங்கே ஓட்டை தெரியவில்லை. ஓட்டையின்மேல் மெரூன் நிறத்தில் வட்டமாக ஏதோ ஒட்டியிருந்தது.

“இது என்னக்கா?” என்று முகைதீன் பிச்சை குனிந்தார். “பொட்டு மாதிரியில்ல இருக்கு? ஓட்டைய அடைச்சா மறுபடி பதியலாம். யாரோ அடைச்சிருக்காங்க.”

ஸ்டிக்கர் பொட்டுதான். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று நான்கு, கெட்டியாக அழுத்தி ஒட்டியிருந்தது. நீலாயதாட்சி அந்தக் காலத்தில் வைத்த அதே வெல்வெட் பொட்டு.

“எம்பொட்டு” என்றாள். “எம்பொட்ட எடுத்து ஒட்டி எங்கல்யாணத்த அழிச்சிருக்க. ஏன் தம்பி?”

அம்பலவாணன் தரையைப் பார்த்தார். “ஆமா அண்ணி. நான்தான். கடைக்குப் படம் ஏத்த காலி கேசட்டு இல்ல. தப்புதான்.”

தமிழ்மொழி எழுந்து நின்றுவிட்டாள். “சித்தப்பா!”

“இரு” என்று நீலாயதாட்சி மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கொழுந்தனின் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷமாகச் சந்தேகப்பட்டுப் பழகிய கண் அது, ஒரு பதிலையும் சும்மா விடாது. “பொட்ட எங்கேருந்து எடுத்த?”

“ஒங்க ரூம்லதான். கண்ணாடியில ஒட்டி வெச்சிருப்பீங்கல்ல.”

“எந்தக் கண்ணாடி?”

“செவுத்துல... தொங்குமே.”

“செவுத்துல கண்ணாடியே கெடையாது.” அவள் குரல் முதல்முறையாக நடுங்கியது. “பீரோக் கதவுக்கு உள்பக்கம் இருந்துச்சு. தொறந்தாத்தான் தெரியும். நீ எங்க ரூம் நெலப்படிய ஒரு நாளும் தாண்டினதில்ல. வெளியில நின்னுதான ‘அண்ணே’ன்னு கூப்புடுவ?”

வெளியே ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது.

“சொல்லு தம்பி. அந்தக் கதவத் தொறக்கிற ஆளு எங்க வீட்டுல ரெண்டே பேருதான். ஒண்ணு நானு.”

அம்பலவாணன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். அம்பகரத்தூரில் அந்த வீட்டில் சின்ன டெக் சொந்தமாக இருந்ததாம். திருவிழாவுக்குப் புதுப்படம் கேட்டார்களாம். இல்லை என்றால் அவர்களும் பெரிய டெக்குக்கு மாறிவிடுவார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும். படம் பெரிய கேசட்டில்தான் வந்திருந்தது. இரண்டு டெக்கைச் சேர்த்துப் போட்டுச் சின்னதில் ஏற்றலாம், ஆனால் முழுப்படம் அடங்கும் நீள நாடா ஊரிலேயே ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“‘சின்ன கேசட்டுல இல்லாத படமே கெடையாது’ன்னு அண்ணன் சொல்லிட்டுத் திரியும். அந்தப் பேச்சக் காப்பாத்தணும் அதுக்கு. கேசட்டக் குடுத்துட்டு வர்றப்பதான்... பத்து நாள் கழிச்சு அந்த வீட்டுக்காரங்க எங்கையில திருப்பிக் குடுத்தாங்க. போட்டேன். படம் ஓடுச்சு. திருப்பிப் பாத்தா பொட்டு. அப்படியே நிறுத்திட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“புள்ளத்தாச்சியா இருந்தீங்க. போனவரு மேல கோவம் வந்துட்டா எங்க போயி காட்டுவீங்க? எம்மேலன்னா நான் இருக்கேன்ல.”

தமிழ்மொழிதான் கேட்டாள். “அப்ப இப்ப எதுக்கு சித்தப்பா எடுத்தீங்க?”

“கடைய இடிக்கப் போறாங்கம்மா. பரண ஒழிச்சேன். கையில வெச்சிருந்தப்பத்தான் ஒறைச்சிது. படம் ரெண்டரை மணி நேரந்தான். நாடா மூணுக்கு மேல. வாலுல கொஞ்சம் மிஞ்சியிருக்குமோன்னு. இருந்தா அத மட்டும் வெட்டி, ‘பிசிறு கெடைச்சுது’ன்னு ஒன்னண்ட குடுத்துடலாம். இல்லன்னா மறுபடி மறைச்சுடலாம்னு...” சொல்லிவிட்டு, பிடிபட்ட பையன் மாதிரி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

முகைதீன் பிச்சை கேசட்டை உள்ளே தள்ளி வேகமாக ஓட்டினார். யார் யாரோ ஓடினார்கள், ஆடினார்கள், அடித்துக்கொண்டார்கள். வணக்கம் என்று எழுத்து வந்தது. பிறகு திரை முழுக்கப் புள்ளியும் கோடும். தமிழ்மொழி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நகம் பதிந்தது.

கோடுகள் விலகின. பந்தி. வாழை இலை வரிசை. பளிச்சென்றெல்லாம் இல்லை, எல்லார் முகமும் பாசி நிறத்தில் அலைந்தது. ஓரத்தில் மாலையோடு ஒரு பெண், குனிந்த தலை. பக்கத்தில் ஒல்லியான ஓர் ஆள் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“சாப்புடறவங்கள எடுக்காதய்யா! இங்க வா, எம்பொண்டாட்டிய எடு. கிட்டக்க வா. இது சின்ன கேசட்டு, மூக்குத்திக் கல்ல எண்ணலாம். பெரிய கேசட்டாம், பெரிய கேசட்டு... டேய் தம்பி, அந்தப் பந்திக்கு ரசம் போகலடா!”

“இதோ அண்ணே!” என்று எங்கிருந்தோ ஒரு விடலைக் குரல் கேட்டது.

கீச்சென்ற குரல் முத்தையனுக்கு. நான்கூட மறந்திருந்தேன். தமிழ்மொழி வாயைப் பொத்திக்கொண்டாள். “இவ்வளவு சத்தமாவா பேசுவாங்க?” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை.

நீலாயதாட்சி அழவில்லை. திரையைப் பார்த்து நேராகக் கேட்டாள். “மூக்குத்திக் கல்ல எண்ணலாமுல்ல? அப்பறம் எதுக்கு எம்பொட்டத் திருடினீங்க?” அவர் ரசத்தைப் பார்க்கப் போய்விட்டார். மாலைக்காரி தலை நிமிரவே இல்லை. நாடா முடிந்தது.

முகைதீன் பிச்சை தொண்டையைக் கனைத்தார். “அக்கா, சினிமாவ வெட்டிட்டு இத மட்டும் பென்டிரைவ்ல போட்டுடவா?”

“வேணாம் பாய். முழுசா போடுங்க. அதுவும் அவரு பண்ணதுதான.” கொழுந்தனின் பக்கம் திரும்பினாள். “நீ ஏன் நிக்கிற தம்பி? இங்க வந்து உக்காரு.” தன் பக்கத்து நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிட்டு, அதை அவருக்கு இழுத்துப் போட்டாள். “மொதல்லேருந்து ஓட்டுங்க பாய். எந்தப் படத்துக்காக என்னைய அழிச்சாருன்னு பாத்துடறேன்.”

படம் சுமார்தான். இடைவேளைக்குள் நீலாயதாட்சி பல்லைக் கடித்துக்கொண்டு “இதுக்கா?” என்று கேட்டுவிட்டாள். கதாநாயகன் மரத்தைச் சுற்றி ஓடியபோது இன்னொருதரம், “இதுக்கா தம்பி?” என்றாள். அப்போதுதான் அம்பலவாணன், துண்டை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.