காலி அறை, முப்பது விநாடி

டோக்கன்காரரின் லேப்டாப் ஓட ஆரம்பித்தால் எதிர்ச்சுவரில் காலண்டர் பறக்கும் என்று சொன்னவர்கள் மிகைப்படுத்தினார்கள். பறக்கவில்லை, ஆடியது. அவ்வளவுதான். ஆனால் அதன் பக்கவாட்டு ஓட்டைக்கு எதிரே பிடித்தால் ஈரக் காலுறை பதினோரு நிமிடத்தில் காய்ந்தது என்பது உண்மை. அவருடைய மனைவி கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறாள். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் படியேறி வந்து, வீட்டுக்குள் மாவு மில் வைக்க அனுமதி வாங்கியாயிற்றா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

டோக்கன்காரர் என்பது பட்டப்பெயர். ஆஸ்பத்திரிகளில் காத்திருக்கும்போது, "டோக்கன் எண் நாற்பத்தேழு, அறை எண் மூன்றுக்கு வரவும்" என்று கூரையிலிருந்து ஒரு குரல் கூப்பிடுமே, அது அவருடையது. பதினோரு வருடங்களாக அவர் கூப்பிட்டு வராதவர் இல்லை. ஒரு கிழவர் அந்தக் குரலுக்கு மயங்கி, ஊன்றுகோலை நாற்காலியிலேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்து போனார். டாக்டர் எதிரே போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்து விழுந்தார்.

குரல் பெரியது, ஆபீஸ் சின்னது. படுக்கையறைத் துணி அலமாரிதான் ஆபீஸ். மனைவியின் உடைகள் இரண்டு பக்கமும் தொங்கும். துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. நடுவில் ஒரு முக்காலி, மூக்குக்கு நேரே மைக், மடியில் லேப்டாப். திரையைப் பார்த்துப் படித்து, வரிக்கு வரி ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்பதால் லேப்டாப்பை வெளியே குடிவைக்க வழியில்லை. ஆஸ்பத்திரிகளுக்குக் குரல் விற்கும் கம்பெனியின் ரெக்கார்டிங் புரோகிராமும் அந்த ஒரு லேப்டாப்பைத் தவிர வேறெதிலும் திறக்காது. கற்புள்ள புரோகிராம்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படித்து முடித்ததும் பேசாமல் முப்பது விநாடி வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்து, 'காலி அறை' என்று பெயரிட்டு அனுப்ப வேண்டும். கம்பெனியில் ஒரு அம்மாள் அதை வாங்கி, அதில் கேட்கும் சத்தம் எதுவோ அது இரைச்சல் என்று கம்ப்யூட்டருக்குக் காட்டுவார். கம்ப்யூட்டர் அதையெல்லாம் குரலிலிருந்து கழித்துவிடும். மிச்சம் நிற்பது சுத்தமான குரல். அந்த அம்மாளை டோக்கன்காரர் கண்ணால் பார்த்ததில்லை. மனதுக்குள் காதம்மா என்று பெயர் வைத்திருந்தார்.

கம்பெனி புரோகிராமைப் புதுப்பித்தது. புதியது கனமானது. அதைத் தூக்கிய லேப்டாப்புக்கு மூச்சிரைத்தது. ஃபேன் ஊளையிட்டது. வியாழக்கிழமை காலை காதம்மா கூப்பிட்டார்.

"சார், ஃபேன் கேக்குது."

"அது எப்பவும் கேக்கறதுதானே மேடம். நீங்கதான் எடுத்துடுவீங்களே."

"எடுக்கலாம் சார். இவ்வளவு பெரிய ஃபேனை எடுத்தா உங்க குரல்லயும் பாதி அதோட போயிடுது. கிணத்துக்குள்ள இருந்து கூப்பிடற மாதிரி இருக்கு. ஏற்கெனவே பயந்து போய் உக்காந்திருக்கற நோயாளிய அப்படிக் கூப்பிடலாமா?"

"கூடாதுதான்."

"மேல இருக்கறவங்க மெஷின் குரல் வாங்கறதா முடிவு பண்ணிட்டாங்க சார். நான்தான் அடுத்த புதன்கிழமை வரைக்கும் தவணை கேட்டு வச்சிருக்கேன். மொத்த டோக்கனையும் புதுசா படிச்சு அனுப்புங்க. இரைச்சல்னு ஒண்ணு இருக்கக் கூடாது. இருந்தா என் கையில எதுவும் இல்ல."

"அந்த மெஷின் குரல் நல்லாருக்கா மேடம்?"

"சுமார்தான் சார்," என்றார் காதம்மா. "ஆனா அதுக்கு ஃபேன் கிடையாது."

டோக்கன்காரருக்கு அந்தக் குரலைத் தவிர வேறு கைத்தொழில் தெரியாது. ஆணி அடித்தால் ஆணி மட்டும்தான் தப்பிக்கும், விரல் தப்பிக்காது. எனவே மனைவி தன் தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக். உலகத்தில் உள்ள கோளாறுகள் எல்லாம் சூட்டினால் வருபவை என்பது அவன் கட்சி.

"மாமா, ஃபேன்ங்கறது என்ன? சூட்டை வெளிய தள்ற கூலியாள். சூடே இல்லேன்னா கூலியாள் எதுக்கு?"

"சூடே இல்லேன்னா உனக்கும் வேலை இருக்காது மாப்ளே."

"வாய் மட்டும் இல்லேன்னா உங்களைக் காக்கா தூக்கிட்டுப் போயிடும்."

"வாய்தான்டா சோறு போடுது."

மைத்துனன் லேப்டாப்பைக் குப்புறப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றினான். உள்ளேயிருந்து வந்த தூசியில் அரைத் தலையணை நிரப்பலாம் என்றான். மனைவி நிரப்பினாள். ஃபேனைத் துடைத்து எண்ணெய் விட்டு, சிப்பின் தலையில் காய்ந்து கிடந்த சூடு கடத்தும் பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை தடவினான். அன்று காலுறை காயப் பத்தொன்பது நிமிடம் ஆனது. முன்னேற்றம்தான். ஆனால் மைக்குக்குக் காலுறையைப் பற்றிக் கவலையில்லை. அதற்கு ஃபேன் கேட்டது.

வெள்ளிக்கிழமை லேப்டாப்பின் வேகத்தைப் பாதியாக்கினான். ஃபேன் அடங்கியது. லேப்டாப்பும் அடங்கியது. பல் தேய்க்கப் போகுமுன் அழுத்திய பொத்தானுக்கு, காபி குடித்துவிட்டு வந்த பிறகு பதில் வந்தது. டோக்கன் எண் ஐந்துக்கு முன்னால் எட்டு வந்து நின்றது. வரிசை தாண்டினால் ஆஸ்பத்திரியில் கொலை விழும் என்று டோக்கன்காரர் அந்த வழியை விட்டுவிட்டார்.

சனிக்கிழமை மைத்துனன் ஒரு முடிவுக்கு வந்தான். ஃபேனைக் கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினான். செத்துப்போன ஒரு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரிலிருந்து விரல் கனத்தில் அலுமினியத் தகடு ஒன்றை அறுத்து வந்து, அதை லேப்டாப்பின் வயிற்றில் பொருத்தினான். தகட்டுக்குக் கீழே துண்டு சுற்றிய நான்கு ஐஸ் பாட்டில்கள். மடி விறைத்துப்போகும் என்பதால் முக்காலிக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி. பாட்டில் இருபத்திரண்டு நிமிடம் தாங்கும். பிறகு மாற்ற வேண்டும்.

"குரலுக்குக் கழுத்தை நீட்டினேன்," என்றாள் மனைவி, பாட்டிலும் கையுமாகச் சமையலறைக்கும் அலமாரிக்கும் நடந்துகொண்டே. "ஐஸ் கம்பெனியில வேலைக்குச் சேத்துட்டாங்க."

ஆனால் சத்தம் நின்றுவிட்டது. அப்படி ஒரு நிசப்தத்தை அந்த வீடு கண்டதில்லை. அலமாரியின் மேல்தட்டில் ஒரு பூச்சி கம்பளியைக் கடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. டோக்கன்காரர் அதைத் தேடிப் பிடித்து ஜன்னல் வழியாக வெளியே விட்டார். சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினார். ஐஸ் உறைந்ததும் ஃபிரிட்ஜையும் அணைத்தார்கள். ஞாயிறும் திங்களும் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒன்று முதல் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரை.

கடைசியில் காலி அறை. அவர் வழக்கம்போல முக்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பதினோரு வருடமும் அப்படித்தான். மனைவி அலமாரிக் கதவைத் திறந்தாள்.

"நீங்க உள்ள உக்காந்திருந்தா அது எப்படிங்க காலி அறை?"

மைத்துனன் சிரித்தான். "அக்கா கேக்கறது நியாயம் மாமா. காலி பாட்டில்னு சொல்லிட்டு உள்ள தண்ணி வச்சிருக்கீங்க."

இந்த முறை ஒரு குறையும் இருக்கக் கூடாது. லேப்டாப்பை மட்டும் அலமாரிக்குள் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு மூன்று பேரும் வெளியே வந்தார்கள். கதவைச் சாத்தி, படுக்கையறையைச் சாத்தி, வாசல் கதவையும் சாத்திக்கொண்டு மாடிப்படியில் முப்பது விநாடிக்கு முப்பத்தைந்தாக நின்றார்கள். கீழ்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, மில்லில் ஏதாவது வெடித்ததா என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காதம்மா கூப்பிட்டார்.

"ஃபேன் சுத்தமா போயிடுச்சு சார்! என் சர்வீஸ்ல இப்படி ஒரு காலி அறைய நான் கேட்டதில்ல."

டோக்கன்காரர் ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டார். மைத்துனன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"ஆனா சார், ஒரு விசில் இருக்கு."

"விசிலா?"

"மெல்லிசா. கெட்டில் கொதிக்கறதுக்கு முன்னாடி வருமே, அது மாதிரி. ஒவ்வொரு டோக்கனுக்கு முன்னாடியும் பின்னாடியும். காலி அறையில அது இல்ல, அதனால என்னால எடுக்க முடியல. என்னன்னு பாருங்க சார். நாளைக்கு சாயங்காலம் வரைக்கும்தான்."

மெக்கானிக்குகள் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்துப் பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார்கள். எந்த நோய் என்று இரும்பு சொல்லிவிடும். மைத்துனன் அப்படித்தான் கேட்டான். தகட்டில் வைத்தான், இல்லை. பாட்டில் மூடிகளில் வைத்தான், இல்லை. ஜன்னல் சட்டத்தில், தண்ணீர்க் குழாயில், அலமாரியின் கீலில் வைத்தான். விசில் எங்கிருந்தோ கேட்டது, கையில் அகப்படவில்லை. பின்னாலேயே வந்த டோக்கன்காரர், "இங்க வச்சுப் பாரு மாப்ளே, அங்க வச்சுப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி கட்டிலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றாள். "அதை உங்க மாமா நெஞ்சுல வை."

மைத்துனன் சிரிக்கப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் காதைக் கொடுத்தான்.

"மூச்சை அடக்குங்க மாமா."

விசில் நின்றது.

"விடுங்க."

வந்தது.

"என்ன மாப்ளே, கேஸ் லீக்கா?"

அவன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை காலையில் டோக்கன்காரர் அலமாரிக்குள் முக்காலியில் உட்கார்ந்து, பழைய முறைப்படி ஒரு காலி அறையைப் பதிவு செய்து அனுப்பினார். காதம்மா கழித்துப் பார்த்தார். சாயங்காலம் வரை கழித்துப் பார்த்தார்.

"விசில் இப்ப ரொம்பப் பெருசா இருக்கு சார். எடுத்தா 'வரவும்'ங்கறதே போயிடுது." என்றார் காதம்மா ஃபோனில். "உங்க பழைய காலி அறை எல்லாத்தையும் எடுத்துக் கேட்டேன். ஏழாவது வருஷத்துலேருந்து ஃபேனுக்கு அடியில அது இருக்கு சார். ஃபேனோட சேத்து நான்தான் கழிச்சுட்டே இருந்திருக்கேன். எனக்குத் தெரியாது சார்."

"உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்? எனக்கே தெரியல."

காதம்மா ஃபோனை உடனே வைக்கவில்லை. அவர் அறையிலும் எங்கோ ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

மறுவாரம் கணவனும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டோக்கன் எண் அறுபத்திரண்டு. கூரையிலிருந்து ஒரு பெண் குரல் கூப்பிட்டது. எண்ணுக்கும் 'வரவும்' என்ற சொல்லுக்கும் நடுவில் அது மூச்சே வாங்கவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று டோக்கன்காரருக்கு உறைக்கவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டபோது மனைவி முழங்கையால் இடித்தாள்.

டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் ஒன்றாகத்தான் இருந்தது.

"ஒரு நாலு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாமே," என்றார்.

"அப்ப ஃபேன் ஓடிட்டிருந்துச்சு டாக்டர்," என்றாள் மனைவி.

டாக்டருக்கு விளங்கவில்லை. மூன்று மாத்திரைகள் எழுதினார். இவை வலிக்காகவும் தூக்கத்துக்காகவும்தான், நோய்க்கு இல்லை என்று மனைவியிடம் தனியாகச் சொன்னார். டோக்கன்காரர் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். அறையில் எந்தச் சத்தமும் இல்லாததால் அவருக்கும் கேட்டது.

வீட்டில் அந்த நிசப்தம் அப்படியே இருந்தது. மனைவி முதலில் கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டாள். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடினாள், அதுவாவது ஓடட்டும் என்று. சமையலறையில் இருந்தாலும் விசில் பின்னாலேயே வந்தது. மூன்றாம் நாள் தம்பியைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அந்த ஃபேனைத் திரும்பப் போட்டுடு."

"எதுக்குக்கா?"

"போடுன்னா போடு."

அவன் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஃபேனை எடுத்து, அலுமினியத் தகட்டைக் கழற்றி, இருந்த இடத்தில் பொருத்தினான். லேப்டாப்பைப் போட்டார்கள். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஃபேன் அசையவில்லை.

"சூடானாதான்கா சுத்தும்," என்றான் மைத்துனன். "நானும் நல்லா துடைச்சுத் தொலைச்சுட்டேன். ஏதாவது பெரிய வேலையா குடுங்க மாமா."

டோக்கன்காரர் கம்பெனியின் புரோகிராமை அழுத்தினார். உங்களுக்கு அனுமதி இல்லை என்று திரையில் எழுதி வந்தது. அந்த லேப்டாப்பில் வேறு பெரிய வேலை எதுவும் இருந்ததில்லை. மைத்துனன் உள்ளங்கையை அதன் அடியில் வைத்துப் பார்த்தான். ஃப்ரீசர் மாதிரி இருந்தது. அவன் வாழ்நாளில் ஒரு பொருளை இவ்வளவு நன்றாகக் குளிரவைத்ததில்லை.

டோக்கன்காரர் எழுந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அலமாரிக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். டோக்கன் எண் ஒன்று என்று ஆரம்பித்தார்.

மைத்துனன் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். மனைவி கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நூற்றுப் பதினேழில் குரல் நின்றது. அப்படியே ஒரு காலுறை காய்கிற நேரம் போயிருக்கும். அலமாரிக் கதவு சாத்தியிருந்தும் விசில் மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தது. அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, "டோக்கன் எண் நூற்றுப் பதினெட்டு" என்று கேட்டது. 'வரவும்' கேட்கவில்லை.